லண்டன் போக இடிஏ: அம்மாவுக்கு சரி, அங்க பொறந்த பேரனுக்கு?

பெல்பசின்_பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். அக்கா லண்டன்ல இருந்து குட்டிப் பையனைத் தூக்கிட்டு காவடிக்கு வந்திருக்கா. 2026 பிப்ரவரி 1 தைப்பூசம் முடிஞ்சதும் கொஞ்ச நாள் இருந்துட்டு 28ந்தேதி திரும்பறா, போகும்போது அம்மாவையும் கூட்டிட்டுப் போறா. அம்மாகிட்ட நம்ம மொரிஷியஸ் பாஸ்போர்ட்தான். முன்னாடி டிக்கெட் எடுத்தோமா ஏறினோமான்னு இருந்துச்சு, இப்ப இடிஏ, அதாவது கிளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல எடுக்கற பயண அனுமதி, வாங்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட், அழைப்புக் கடிதம் எல்லாம் கேப்பாங்களா? அம்மாவுக்கு 68 வயசு, பென்ஷன் தவிர வருமானம் இல்ல.
இன்னொண்ணு. அக்காகிட்ட பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கு. பையன் லண்டன்லயே பொறந்தவன், ஆனா வரும்போது அவசரத்துக்கு மொரிஷியஸ் பாஸ்போர்ட் மட்டும் எடுத்துட்டு வந்துட்டாங்க. அவனுக்கும் ஒரு இடிஏ போட்டுட்டா வேலை முடிஞ்சுதா?

கூர்பீப்_குளிரு
அம்மா விஷயத்துல கவலையே வேணாம். போன வருஷம் என் மாமியாருக்கு நான்தான் போட்டேன். பேங்க் ஸ்டேட்மென்ட் கிடையாது, கடிதம் கிடையாது, கைரேகை கிடையாது. போன்ல யூகே இடிஏ ஆப், பாஸ்போர்ட் போட்டோ, முகத்துல ஒரு போட்டோ, அட்ரஸ், வேலை என்ன, குற்ற வழக்கு இருக்கான்னு சில கேள்வி, அப்ப 16 பவுண்டு, அவ்ளோதான். நம்ம மொரிஷியஸ் ரூபாய்ல ஏறக்குறைய ஆயிரம். மூணு வேலை நாள்னு சொல்றாங்க, எங்களுக்கு அன்னைக்கே மெயில் வந்துடுச்சு.
ஒரே ரோதனை போட்டோதான். பாஸ்போர்ட்டை மேஜைல வெச்சு லைட்டுக்கு நேர் கீழ எடுத்தா அந்த பிளாஸ்டிக் பக்கத்துல வெள்ளையா ஒரு பளபளப்பு விழும், கீழ இருக்கற ரெண்டு வரி அம்புக்குறி எழுத்தை ஆப் படிக்கவே மாட்டேங்கும். ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்துல எடுங்க. மாமியார் மூக்குத்தி, பொட்டு எல்லாம் இருந்தது, ஒண்ணும் சொல்லல, கண்ணாடிய மட்டும் கழட்டச் சொன்னேன்.

ரோஸ்ஹில்_வாத்தியார்
விசா வேண்டாம்னு சொல்றது, ஆனா வாசல்ல நின்னு ஆயிரம் ரூபாய் வாங்கறது. முதல்ல 10 பவுண்டுன்னாங்க, 2025 ஏப்ரல்ல 16 ஆச்சு. நம்ம பிள்ளைங்க அந்த ஊரு ஆஸ்பத்திரில நர்ஸா போய் எத்தனை வருஷம் உழைச்சிருக்காங்க, அவங்க வீட்டு ஆயா பேரனைப் பாக்கப் போறதுக்கு காசு கட்டணும். நல்லா இருக்குது ஞாயம்.

நெல்லைக்காரன்_எபேன்
வாத்தியாரே கோவிச்சுக்காதீங்க, நான் இங்க மொரிஷியஸ்ல எபேன்ல ஐடி வேலை பாக்கற இந்திய பாஸ்போர்ட்டு. எனக்கு அதே லண்டன் போக 2025ல 127 பவுண்டு விசா, பேங்க் ஸ்டேட்மென்ட் ஆறு மாசத்துக்கு, ஆபீஸ்ல லீவ் லெட்டர், நேர்ல போய் பத்து விரலையும் வெச்சு, அப்புறம் பாஸ்போர்ட்ட குடுத்துட்டு நகத்தை கடிச்சுட்டு உக்காரணும். உங்க ஆயிரம் ரூபாய பாத்தா எனக்கு கல்யாண மொய் மாதிரி இருக்கு.

ரோஸ்ஹில்_வாத்தியார்
அது உண்மைதான் தம்பி. இருந்தாலும் சொல்லணும்ல.

ஈஸ்ட்ஹாம்_தம்பி
அக்கா ஒரு நிமிஷம் நில்லுங்க. எல்லாரும் அம்மாவ பத்தி பேசிட்டிருக்கீங்க, அம்மா ஒரு பிரச்சனையே இல்ல, விஷயம் அந்த பையன்தான். அவன் பொறந்தப்ப உங்க அக்காவுக்கு என்ன ஸ்டேட்டஸ்? பிரிட்டிஷ் சிட்டிசனா, இல்ல நிரந்தரமா தங்கற அனுமதி வாங்கியிருந்தாங்களா?

பெல்பசின்_பொண்ணு
அவன் பொறக்கறதுக்கு முந்தின வருஷமே அக்கா சிட்டிசன் ஆயிட்டா தம்பி. அத்தான் இன்னும் மொரிஷியஸ் பாஸ்போர்ட்தான், அங்க வேலை விசால இருக்காரு.

ஈஸ்ட்ஹாம்_தம்பி
அப்ப பையன் பொறந்த நிமிஷத்துல இருந்தே பிரிட்டிஷ் சிட்டிசன். அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் சிட்டிசனாவோ நிரந்தரமா தங்கற அனுமதியோட இருந்தாலோ, அங்க பொறக்கற குழந்தைக்கு தானா வந்துடும். பாஸ்போர்ட் எடுத்தாத்தான் சிட்டிசன்னு இல்ல. பிரிட்டிஷ் சிட்டிசனுக்கு இடிஏ கிடையாது, கேட்டாலும் வாங்கக் கூடாது. அவன் ஏறணும்னா ரெண்டு வழி, ஒண்ணு பிரிட்டிஷ் பாஸ்போர்ட், இல்லேன்னா மொரிஷியஸ் பாஸ்போர்ட்டோட சேர்த்து அங்க வசிக்கற உரிமைக்கான சான்றிதழ் வாங்கணும், அது 2025ல 589 பவுண்டு. பாஸ்போர்ட்டே அதைவிட எவ்வளவோ சல்லிசு.
இதுல கொடுமை என்னன்னா, இத்தனை நாள் ரெட்டைக் குடியுரிமை கேஸ ஏர்லைன்ஸ் அவ்வளவு கறாரா பாக்கல. 2026 பிப்ரவரி 25ல இருந்து கறாரா பாக்கறாங்கன்னு கவர்ன்மென்ட்டே அறிவிச்சிருச்சு. உங்க டிக்கெட் 28.

பெல்பசின்_பொண்ணு
ஐயோ. மூணு நாள்ல.

மொக்கா_முத்து
நான் ஒரு ஷார்ட்கட் சொல்றேன் திட்டாதீங்க. பையன் மொரிஷியஸ்னு மட்டும் போட்டு இடிஏ அப்ளை பண்ணுங்க, சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பண்ணி வந்துச்சு.

ஈஸ்ட்ஹாம்_தம்பி
முத்து அண்ணே, பாரத்துல வேற குடியுரிமை இருக்கான்னு கேக்குது. பொறந்த ஊரு லண்டன்னு பாஸ்போர்ட்லயே அச்சடிச்சிருக்கு. இல்லேன்னு டிக் பண்ணா பொய்த்தகவல். அது ரெண்டு வயசு குழந்தை பேர்ல, அவங்க அம்மா கையால போகுது. நாளைக்கு அதே அம்மா அத்தானுக்கு ஏதாவது விண்ணப்பம் போடும்போது பழைய பொய்ய தோண்டி எடுத்தா யாரு பதில் சொல்றது? ஆயிரம் ரூபாய் விஷயத்துல ஏன் வம்பு.

டிக்கெட்_மாமா
போர் லூயில டிக்கெட் போடற வேலைல இருக்கேன், கவுண்டர்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன், ஏன்னா நிறைய பேருக்கு இதுவே புரியல. இடிஏங்கறது காகிதம் கிடையாது, பாஸ்போர்ட் நம்பரோட கட்டி வெச்சிருக்கற ஒரு பதிவு. செக்-இன்ல பாஸ்போர்ட்ட தேய்ச்ச உடனே விவரம் அந்தப் பக்கம் போகும், அங்கிருந்து ஏத்தலாம் ஏத்தக்கூடாதுன்னு பதில் வரும். அந்தப் பொண்ணு உங்க மெயில் பிரிண்ட்அவுட்ட பாக்க மாட்டா, ஸ்கிரீன்ல என்ன வருதோ அதுதான். சரியான கடுதாசி இல்லாம ஒரு ஆள ஏத்திட்டா ஏர்லைன்ஸுக்கு 2,000 பவுண்டு அபராதம், அதனால கெஞ்சினாலும் அவளால ஒண்ணும் பண்ண முடியாது, அவளத் திட்டாதீங்க.
அதனாலதான் நம்பர் தப்பா போடறது பெரிய தலைவலி. பூஜ்யத்துக்கு ஓ எழுத்து போட்டு பிளைசான்ஸ் ஏர்போர்ட் வரைக்கும் வந்து நின்ன குடும்பத்த பாத்திருக்கேன், இடிஏ இருக்கு, ஆனா வேற யாரோ ஒரு பாஸ்போர்ட்டுக்கு இருக்கு. அங்க நின்னே புதுசா ஒண்ணு அப்ளை பண்ணி அது வர்றதுக்குள்ள பிளைட்டு போயிடுச்சு. பாஸ்போர்ட் புதுசா மாத்தினாலும் இதே கதை, பழைய இடிஏ செத்துப் போச்சு, புதுசு வாங்கணும். மத்தபடி ரெண்டு வருஷம் செல்லும், ஒவ்வொரு தடவையும் ஆறு மாசம் வரைக்கும் தங்கலாம்.
கைக்குழந்தைக்கும் தனியா வேணும், தனியா காசு. மடியில உக்கார வெச்சு கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா செல்லாது.

கூர்பீப்_குளிரு
மாமா, லண்டன் வழியா கனடா போறவங்களுக்கு? சும்மா ஏர்போர்ட்டுக்குள்ளயே பிளைட்டு மாறினா வேண்டாம்னு யாரோ சொன்னாங்களே.

டிக்கெட்_மாமா
அது ஹீத்ரோவுக்கும் மான்செஸ்டருக்கும் மட்டும், பார்டர் தாண்டாம உள்ளயே மாறறவங்களுக்கு. 2025 ஜனவரில அந்த தளர்வு குடுத்தாங்க. நம்ம நேரடி பிளைட்டு இறங்கறது காட்விக்ல. அங்க இறங்கி பெட்டிய எடுத்து பஸ்ஸு புடிச்சு ஹீத்ரோ போறீங்கன்னா நீங்க நாட்டுக்குள்ள நுழைஞ்சாச்சு, இடிஏ கட்டாயம். ரெண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து காசு மிச்சம் பிடிக்கறவங்க இதுலதான் மாட்டறாங்க. கனடாவுக்கு நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசாவே வேணும், அது வேற கதை.

சேந்தெனி_974
ரியூனியன்ல இருந்து போன்ழூர். எங்க பக்கத்துல இன்னும் மோசம், நாங்க பிரெஞ்சுக்காரங்க, இடிஏ எல்லாம் நமக்கு எதுக்குன்னு இருக்காங்க. ஐரோப்பாக்காரங்களுக்கும் 2025 ஏப்ரல் 2ல இருந்து வேணும். அதுவும் அடையாள அட்டை மட்டும் வெச்சுட்டு லண்டன் போற காலம் 2021 அக்டோபரோட போச்சு, பாஸ்போர்ட் வேணும். எங்க அண்ணன் பாரிஸ்ல இருந்து ட்ரெயின்ல போறேன்னு அட்டைய ஆட்டிக்கிட்டு ஸ்டேஷன் போய் திரும்பி வந்தான், வீட்டுல அன்னைக்கு ஒரே சிரிப்பு.
ஆமா உங்களுக்கும் ஐரோப்பாவுக்கு ஒண்ணு வரப்போகுதே, எட்டியாஸ். அதுக்கு இப்பவே கட்டணுமா?

ஈஸ்ட்ஹாம்_தம்பி
கட்டவே கட்டாதீங்க. எட்டியாஸ் இன்னும் ஆரம்பிக்கல, 2026 கடைசி காலாண்டுல ஆரம்பிக்கும்னு சொல்லியிருக்காங்க, இப்ப யாரும் விண்ணப்பம் வாங்கல. வாங்கறேன்னு ஒரு வெப்சைட் சொன்னா அது டுபாக்கூர். மொரிஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு 2009ல இருந்தே ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பால பல நாட்டுக்கு சேர்த்து ஒரே விசா, தேவையில்ல, 180 நாளைக்குள்ள 90 நாள், அது அப்படியேதான் இருக்கும், அதுக்கு மேல இந்த பதிவு ஒண்ணு சேருது. 7 யூரோன்னு சொல்லிட்டிருந்தத 20 ஆக்கிட்டாங்க. 18க்கு கீழ, 70க்கு மேல இருக்கறவங்களுக்கு காசு இல்ல, ஆனா விண்ணப்பம் போட்டே ஆகணும். மூணு வருஷம் செல்லும்.

சேந்தெனி_974
அப்ப உங்க ஆளுங்க இங்க சேந்தெனிக்கு வர்றதுக்கு?

டிக்கெட்_மாமா
எட்டியாஸ் வேண்டாம். ரியூனியன் பிரான்ஸ்தான், ஆனா ஷெங்கனுக்குள்ள கிடையாது. சனிக்கிழமை வந்து மச்சான் வீட்டுல விருந்து சாப்பிட்டுட்டு திங்கட்கிழமை திரும்பறவங்களுக்கு எதுவும் மாறல. இங்க இருந்த நாளு பாரிஸ் கணக்குல சேராது, அது தனிக் கணக்கு. ஆனா சேந்தெனி வழியா பாரிஸ் போனா அங்க இறங்கறப்ப ஷெங்கன் சட்டம் எல்லாம் உண்டு.

நெல்லைக்காரன்_எபேன்
இந்த யோசனைய முதல்ல கொண்டு வந்தது ஆஸ்திரேலியாக்காரன், 1996லயே. அப்ப ஏர்லைன்ஸ் கம்ப்யூட்டர்லயே ஏத்தி விடுவாங்க. அமெரிக்காவுல எஸ்டா 2009 ஜனவரி 12ல இருந்து கட்டாயம், கனடா 2016, யூகே 2023 நவம்பர்ல கத்தார்காரங்கள வெச்சு ஆரம்பிச்சு, உங்க மொரிஷியஸ் 2025 ஜனவரி 8ல மாட்டுச்சு. எஸ்டா 21 டாலர்ல இருந்து 2025 செப்டம்பர்ல 40க்கு போயிடுச்சு. முதல்ல சின்னத் தொகையா வெப்பான், ஜனங்க பழகினதும் ஏத்துவான், எல்லா நாட்டுலயும் இதே ராகம்தான்.

ரோஸ்ஹில்_வாத்தியார்
அப்ப நான் முதல்ல சொன்னதுதான. வாசல்ல நின்னு வாங்கறான்னு.

டிக்கெட்_மாமா
வாத்தியார் ஐயா, நியூசிலாந்துக்கும் நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்ல, அங்க இதே மாதிரி பதிவோட டூரிஸ்ட் வரின்னு 100 டாலர் சேர்த்து வாங்கறான், அவங்க டாலர். அதப் பாத்தா லண்டன்காரன் நல்லவன்.

லா_லூயிஸ்_லதா
நடுவுல வர்றேன். காச பத்தி பேசறீங்க, என் மச்சினன் கட்டினது 85 பவுண்டு. கூகுள்ல இடிஏன்னு தேடினான், மேல விளம்பரமா வந்தத அமுக்கிட்டான். பாக்க கவர்ன்மென்ட் சைட்டு மாதிரியே கொடி, கிரீடம், நீலக் கலரு. இடிஏ வந்துச்சு, பொய்யில்ல, அப்ப 16 பவுண்டுக்கு கிடைச்சத 85க்கு வாங்கிக் குடுத்தாங்க. பேங்க்ல புகார் குடுத்தா நீங்களே ஓடிபி போட்டு சம்மதிச்சிருக்கீங்கன்னுட்டாங்க. அட்ரஸ் கடைசில கவ் டாட் யூகேன்னு முடியுதான்னு பாருங்க, இல்ல ஆப் ஸ்டோர்ல இறக்குங்க, அதுக்கு மேல ஒரு பைசா யாருக்கும் குடுக்காதீங்க. அவன் பாஸ்போர்ட் போட்டோவும் முகமும் இப்ப யாரு கையிலயோ இருக்குதுன்னு நெனச்சா காசு போனது கூட பெரிசா தெரியல.

கூர்பீப்_குளிரு
பெல்பசின் அக்கா, அம்மாவுக்கு இன்னொரு விஷயம். இடிஏ இருந்தாலும் காட்விக்ல ஆபீசர் கேள்வி கேப்பாரு. நம்ம பாஸ்போர்ட்டுக்கு அந்த தானியங்கி கேட்டு கிடையாது, வரிசைல நின்னு ஆள பாத்துத்தான் போகணும். என் மாமியார்கிட்ட எதுக்கு வந்தீங்கன்னு கேட்டதுக்கு அவங்க பெருமையா பேரனப் பாத்துக்க வந்தேன், மக வேலைக்குப் போறான்னுட்டாங்க. அந்தம்மா நிமிர்ந்து உக்காந்து பத்து கேள்வி கேட்டுச்சு, எவ்வளவு நாளு, சம்பளம் குடுக்கறாங்களா, ஊர்ல யாரு இருக்காங்க, திரும்பற டிக்கெட் எங்கன்னு. குடும்பத்தப் பாக்கப் போற பாட்டி பேரனத் தூக்கிக் கொஞ்சறதுல தப்பு எதுவும் இல்ல, ஆனா ஆயா வேலைக்கு வர்ற மாதிரி தெரிஞ்சுடக் கூடாது. மகளப் பாக்க வந்தேன், இத்தனாந்தேதி திரும்பறேன். உண்மைய சுருக்கமா சொல்லச் சொல்லுங்க, கதை வேண்டாம்.

பெல்பசின்_பொண்ணு
ஹாஹா எங்க அம்மா அதேதான் சொல்லுவாங்க, அதுக்கு மேல கைமா, அசார் ஊறுகாய் எல்லாம் பெட்டில இருக்குன்னும் சேர்த்து சொல்லுவாங்க. மெர்சி அக்கா, உக்கார வெச்சு பழக்கறேன்.
அம்மாவுக்கு கல்யாணத்துக்கு முந்தின பேரும் பாஸ்போர்ட்ல இருக்கு, அத எங்க போடறது?

டிக்கெட்_மாமா
கீழ ரெண்டு வரி அம்புக்குறி எழுத்து இருக்குல்ல, அதுல எது குடும்பப் பேரா வருதோ அத அப்படியே. நம்ம தமிழ்க் குடும்பப் பேரெல்லாம் பிரெஞ்சு ஸ்பெல்லிங்ல ரயில் பெட்டி மாதிரி நீளமா இருக்கும், ஒரு ஓ விட்டாலும் விட்டதுதான். வேற பேரு இருக்கான்னு தனியா கேக்கும்போது மத்தத போடுங்க. டிக்கெட்லயும் அதே எழுத்து இருக்கணும்.

பாய்ந்த்சாப்ல்_பாலா
பிரிட்டிஷ்காரங்க சாகோஸ் தீவுல இருந்து வெளியேத்தின குடும்பங்களுக்கும் இதே பிரச்சனை வரும் போலிருக்கே. என் பக்கத்து வீட்டுக்காரர் வம்சாவளி வழில பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினாரு, 2022 நவம்பர்ல தொறந்தாங்களே அந்த வழி. சர்ட்டிபிகேட் வாங்கி பெட்டில வெச்சிருக்காரு, பாஸ்போர்ட் எடுக்கல. அடுத்த மாசம் மொரிஷியஸ் பாஸ்போர்ட்ல லண்டன் போறேங்கறாரு.

ஈஸ்ட்ஹாம்_தம்பி
அவரையும் இப்பவே நிறுத்துங்க. குடியுரிமை வந்துட்டா இடிஏ கதவு சாத்தியாச்சு, யாரு எந்த வழில வாங்கினாலும் சரி. விருந்தாளி வாசல்ல வீட்டுக்காரன் வந்து நிக்க முடியாது. பாஸ்போர்ட் அப்ளை பண்ணச் சொல்லுங்க, முதல் பாஸ்போர்ட் வெளிநாட்டுல இருந்து போட்டா வாரக் கணக்குல ஆகும், அவசரத்துக்கு நடக்காது.
எதிர்க் கேஸும் சொல்லிடறேன். மாணவர் விசா, வேலை விசால அங்க இருக்கற நம்ம பிள்ளைங்களுக்கு இடிஏ தேவையில்ல, பெல்பசின் அக்காவோட அத்தானும் அதே கூட்டம்தான். ஆனா பாஸ்போர்ட் புதுப்பிச்சிருந்தா அந்த நம்பர ஆன்லைன் அக்கவுண்ட்ல ஏத்தியிருக்கணும், இல்லேன்னா செக்-இன் ஸ்கிரீன்ல விசா இல்லாத ஆளா காட்டும்.

மொக்கா_முத்து
குற்ற வழக்கு கேள்விக்கு ஒரு சந்தேகம், வேகமா வண்டி ஓட்டி பைன் கட்டினதெல்லாம் சொல்லணுமா? நண்பனுக்காக கேக்கறேன்.

கூர்பீப்_குளிரு
நண்பனுக்கா 😄

ஈஸ்ட்ஹாம்_தம்பி
கோர்ட்டுல தண்டனையா முடிஞ்சதா, வெறும் பைன் சீட்டான்னு உங்க நண்பர் வக்கீல்கிட்ட கேக்கட்டும். கோர்ட்டு தண்டனைன்னா உண்மைய போடணும். கடைசி 12 மாசத்துக்குள்ள தண்டனை இருந்தாலோ, எப்பவாவது 12 மாசமோ அதுக்கு மேலயோ ஜெயில் தண்டனை வந்திருந்தாலோ இடிஏ மறுப்பாங்க. மறுத்தா அப்பீல் கிடையாது, நெல்லை அண்ணன் போற அதே விசா வரிசைதான்.

நெல்லைக்காரன்_எபேன்
வாங்க வாங்க, இடம் இருக்கு.

பெல்பசின்_பொண்ணு
அப்டேட். அம்மா இடிஏ வந்துடுச்சு, ஜன்னல் ஓரம் போட்டோ எடுத்ததுல முதல் தடவையே படிச்சுடுச்சு. பையனுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இங்கிருந்து போட்டா 28க்குள்ள வராதுன்னு தெளிவா தெரிஞ்சுது. அக்காவும் அத்தானும் நேத்து ராத்திரி போன்லயே ஒரு மணி நேரம் சண்டை போட்டு, அப்பவே பாஸ்போர்ட் எடுத்திருக்கலாம்ல, நீதான வேண்டாம்ன, நான் எப்ப சொன்னேன், அப்படியே போச்சு. கடைசில அந்த 25க்கு முன்னாடியே போயிடலாம்னு டிக்கெட்ட 19ந்தேதிக்கு மாத்தறோம். அத்தான் பையனோட பர்த் சர்ட்டிபிகேட்டும் அக்காவோட குடியுரிமை சர்ட்டிபிகேட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்பறாரு.

டிக்கெட்_மாமா
நல்ல முடிவு. ஸ்கேன் மட்டும் பத்தாது, அசல கூரியர்ல வரவழைங்க, நேரம் இருக்கு. மாத்தறதுக்கு முன்னாடி ஏர்லைன்ஸுக்கு மெயில் போட்டு, ரெட்டைக் குடியுரிமை குழந்தை, கையில இந்த இந்த பேப்பர் இருக்கு, 19ந்தேதி மொரிஷியஸ் பாஸ்போர்ட்ல ஏத்துவீங்களான்னு கேட்டு பதில எழுத்துல வாங்குங்க. போன்ல சரின்னவங்க கவுண்டர்ல இருக்க மாட்டாங்க. பதில் வந்தப்புறம் தேதிய மாத்துங்க. ஆன்லைன் செக்-இன் விடாது, மூணு மணி நேரம் முன்னாடியே பிளைசான்ஸ் போயிடுங்க.

பெல்பசின்_பொண்ணு
கோரேக், சரி மாமா, இப்பவே மெயில் எழுதறேன். மூணு பேரு டிக்கெட்டும் ஒரே புக்கிங், பையனோடத மட்டும் மாத்தினா அம்மாவோடதும் அக்காவோடதும் தனியா பிரிஞ்சிடுமா?

டிக்கெட்_மாமா
மூணையும் சேர்த்தே மாத்துங்க. பிரிச்சா அம்மா 28ல தனியா பறப்பாங்க, அப்புறம் காட்விக்ல பேரனப் பாத்துக்க வந்தேன்னு சொல்றத யாரு தடுக்கறது.